அன்னிக்கு வானம் நீலம்தானா?

என் பொண்ணு பொறந்த அன்னிக்கு வானம் எப்படி இருந்துச்சுன்னு வருஷா வருஷம் அவகிட்ட சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். பொறந்தநாள் ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி அவளே கேப்பா, "அந்த வானக் கதைய சொல்லுங்கப்பா"ன்னு. இலையுதிர் காலம் அப்பத்தான் ஆரம்பிச்சிருந்துச்சு, செப்டம்பர் கடைசி வாரம், உன்னைத் துணில சுத்தி என் கையில குடுத்தாங்க, நான் உன்னை ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போனேன், வெளிய வானம் அப்படி ஒரு நீலம், ஒரு பொட்டு மேகம் இல்ல, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சுன்னு சொல்வேன். பதினோரு வருஷமா இதே கதை, கிட்டத்தட்ட இதே வார்த்தை. இந்த வருஷம் அவ கையில டேப்லெட்டோட வந்து நின்னா. "அப்பா, அன்னிக்கு மேகமூட்டம்னு போட்டிருக்கு. மழையும் பெஞ்சிருக்காம்."

வாங்கிப் பார்த்தேன். எந்தத் தேதிய குடுத்தாலும் பழைய வானிலைய எடுத்துக் காட்டுற தளம். அதிகபட்சம் 19 டிகிரி, குறைந்தபட்சம் 6 டிகிரி, மேகம் 52 சதவீதம், மழை 3.4 மில்லிமீட்டர். வானம் எப்படின்னு ஒரே வரி: பகுதி மேகமூட்டம். பக்கத்துல பாதி சூரியனை மேகம் மறைக்கிற மாதிரி ஒரு சின்னப் படம். "நீங்க சும்மா சொன்னீங்களா?"ன்னு கேட்டா. கோவமா கேக்கல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. இல்லடா கண்ணு, நான் என் கண்ணால பார்த்தேன்னு சொன்னேன். அவ டேப்லெட்ட ஒரு தடவ பார்த்தா, என்னை ஒரு தடவ பார்த்தா, சரின்னு தலையாட்டிட்டு தூங்கப் போயிட்டா. அன்னிக்கு ராத்திரி அவ கதை கேக்கல.

இதுல என்ன இருக்கு, தளத்துல ஏதோ தப்பா போட்டிருப்பாங்கன்னு விட்டுடலாம்தான். எனக்கு முடியல. ஏன்னா என் வாழ்க்கையில நான் இவ்ளோ உறுதியா சத்தியம் பண்ணக்கூடிய விஷயம் ரொம்பக் கொஞ்சம், அதுல ஒண்ணு அந்த நீலம். அடுத்த நாள் என் மனைவிகிட்ட கேட்டேன், அவ யோசிக்கக்கூட இல்ல. "நீலமா? ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே தெரியலங்க, வெள்ளையா போர்வை போட்ட மாதிரி இருந்துச்சு. ராத்திரி எந்திரிச்சுப் பார்த்தப்ப ஒரு நட்சத்திரம்கூட இல்ல"ன்னா. அப்போ நான் சொன்னது நீலம், அவ சொன்னது வெள்ளை, தளம் சொன்னது பாதி. மூணும் ஒரே ஊர், ஒரே நாள்.

எட்டுல எத்தனை

ராத்திரி ராத்திரியா உக்காந்து இதைத் தோண்ட ஆரம்பிச்சேன். மொதல்ல அந்த 52 சதவீதம் எங்க இருந்து வருதுன்னு புரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. வானத்த அளக்குற முறை நான் நினைச்சத விட ரொம்ப எளிமையா இருக்கு. மொத்த வானத்தையும் எட்டுப் பங்கா நினைச்சுக்கிட்டு, அதுல எத்தனை பங்க மேகம் மறைச்சிருக்குன்னு எழுதறது. ஒரு பங்குக்கு ஆக்டான்னு பேரு. பூஜ்யம்னா சுத்தமான வானம், எட்டுன்னா முழு மூட்டம். அங்கங்க சிதறிக் கிடக்குற மேகத்தையெல்லாம் மனசுலயே ஒரு பக்கமா தள்ளி ஒண்ணா சேர்த்துப் பார்த்து, இது எட்டுல மூணு இருக்கும், நாலு இருக்கும்னு கண்ணால மதிப்பு போடணும், அவ்ளோதான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. வானத்துல எங்கயாவது ஓரத்துல ஒரு துணுக்கு மேகம் இருந்தாலும் பூஜ்யம்னு எழுதக்கூடாது, ஒண்ணுன்னுதான் எழுதணும். அதே மாதிரி முழுக்க மூடியிருந்தாலும் ஒரே ஒரு ஓட்டை வழியா நீலம் தெரிஞ்சா எட்டு கிடையாது, ஏழுதான். இதுபோக ஒன்பதுன்னு ஒரு எண்ணும் உண்டு, எட்டுக்கு மேல எப்படி ஒன்பதுன்னு கேக்கலாம், பனிமூட்டம் மாதிரி ஏதாவது மறைச்சு வானமே தெரியலன்னா அதுக்கு ஒன்பது. அதாவது மேகம் எவ்ளோன்னு சொல்ற இடத்துலயே, என்னால பார்க்க முடியலன்னு சொல்றதுக்கும் ஒரு எண் வச்சிருக்காங்க. இத யோசிச்சவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை வந்துச்சு.

ஆனா தளத்துல இருந்தது எட்டுல எத்தனைங்கிற கணக்கு இல்ல, சதவீதம், அதுவும் ஒரு நாள் முழுசுக்கும் சேர்த்து ஒரே எண். அதுக்கு என்ன பண்றாங்கன்னா, இருபத்தி நாலு மணி நேரத்துக்கும் இருக்குற மேக அளவ கூட்டி இருபத்தி நாலால வகுக்குறாங்க. பல தளங்கள்ல அந்த மணிக்கணக்கு எண்கூட யாரும் வானத்தப் பார்த்து எழுதினது இல்ல. மறுபகுப்பாய்வுன்னு சொல்வாங்க, ஐரோப்பிய வானிலை மையத்தோட ஈஆர்ஏ5 அப்படிப்பட்டது, 1940ல இருந்து ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உலகம் முழுக்க கணக்கு வச்சிருக்கு. கிடைச்ச அளவீடுகள எல்லாம் வச்சு கம்ப்யூட்டர் மாடல் அந்த நாள் காத்து மண்டலம் எப்படி இருந்திருக்கணும்னு திரும்ப உருவாக்குது. பிரமாதமான வேலை, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அதுல ஒரு கட்டம்ங்கிறது கிட்டத்தட்ட 31 கிலோமீட்டர். நான் நின்ன ஜன்னல் ஒரு மீட்டர் அகலம் இருந்திருக்கும்.

எங்க நாளுக்கான எண் அந்த மாடல்ல இருந்து வந்ததா, பக்கத்து விமான நிலையத்துல இருந்து வந்ததான்னு பக்கத்துக்குக் கீழ சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. விமான நிலையம். நல்லதாப் போச்சு, ஏன்னா விமான நிலையங்கள் மணிக்கு ஒரு தடவையாவது வானிலை அறிக்கை அனுப்பும், மெட்டார்னு பேரு, அந்தப் பழைய அறிக்கைகள சேர்த்து வச்சிருக்குற காப்பகங்கள் இருக்கு, யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கலாம்.

மணிக்கு மணி

அந்த இருபத்தி நாலு வரிய எடுத்து ஒரு பேப்பர்ல வரிசையா எழுதினேன். நேரம் யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கும், அத உள்ளூர் நேரத்துக்கு மாத்தணும், இல்லன்னா நாளோட தலையும் வாலும் வேற நாளுக்குப் போயிடும். மாத்தி எழுதினப்புறம் பார்த்தா, நடுராத்திரில இருந்து ரெண்டு மணி வரைக்கும் வானம் தெளிவு. மூணு மணிக்குப் பனிமூட்டம். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, எல்லாமே பனிமூட்டம், வானம் தெரியல. பதினோரு மணிக்கு எட்டுல நாலு. பன்னண்டுல இருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் எட்டு வரியிலயும் மேகமே இல்ல. ராத்திரி எட்டு மணில இருந்து பதினொண்ணு வரைக்கும் கீழ் மேகம் வந்து முழு மூட்டம். எட்டு மணி நேரம் பனி, அரை பங்கு ஒரு மணி, நாலு மணி நேரம் மூட்டம், ஆக பன்னண்டரை. அத இருபத்தி நாலால வகுத்தா 52 சதவீதம்.

அந்த வகுத்தல முடிச்சப்ப ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கணக்கு சரி. ஒரு தப்பும் இல்ல. ஆனா பாதி சூரியன் பாதி மேகம்னு அந்தப் படத்துல போட்டிருக்கே, அப்படி ஒரு வானம் அந்த நாள்ல பதினோரு மணிக்கு ஏதோ கொஞ்ச நேரம் தவிர எப்பவுமே இருக்கல. ஒண்ணு முழுசா மூடியிருந்துச்சு, இல்லன்னா முழுசா திறந்திருந்துச்சு. ரெண்டையும் கூட்டி வகுத்தப்ப, யாருமே பார்க்காத ஒரு வானம் வந்து அந்த நாளோட வானம்னு உக்காந்துக்கிச்சு.

இலையுதிர் காலத் தொடக்கத்துல இந்த மாதிரி நாள் ரொம்ப சாதாரணம்ங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சுது. சம இரவுப் பகல் நாள் செப்டம்பர் 22, 23 வாக்குல வரும், வருஷத்துலயே பகல் வேகமா சுருங்குறது அந்த நாட்கள்லதான். இரவு நீளமாயிடுச்சு, ஆனா கோடையோட ஈரம் மண்ணுலயும் காத்துலயும் இன்னும் மிச்சம் இருக்கு. காத்தடிக்காத, மேகமில்லாத ராத்திரில தரை தன்னோட சூட்ட அப்படியே மேல விட்டுடுது, தரைய ஒட்டின காத்து குளிர்ந்து, ஈரம் துளித்துளியா மாறி விடியக்காலைல பனிமூட்டமா நிக்குது. சூரியன் அப்ப உச்சிக்கு ஏறாது, சாஞ்சுதான் வரும், அதனால அதைக் கரைக்க பத்து, பதினோரு மணி ஆயிடும். கரைஞ்சதும் மேல ஒண்ணுமே இருக்காது, பளிச்சுன்னு நீலம். அதாவது ராத்திரி வானம் தெளிவா இருந்ததுனாலதான் காலைல மூடுச்சு. 6 டிகிரில இருந்து 19 டிகிரிக்கு ஏறினதே அதுக்கு சாட்சி.

பேப்பர எடுத்துட்டுப் போய் மனைவிகிட்ட காட்டினேன். அவ விரல் வச்சு ஒவ்வொரு மணியா படிச்சா. விடியக்காலம் அஞ்சரைக்கு நாங்க கிளம்பினோம். பதினோரு மணிக்கு முன்னாடியே அவள உள் அறைக்குக் கொண்டு போயிட்டாங்க, அங்க ஜன்னல் கிடையாது. ஒண்ணே காலுக்கு பொண்ணு பொறந்தா. அதுக்கப்புறம் அவ அசந்து தூங்கி எந்திரிச்சப்ப மணி ஒன்பது. "அப்போ நான் அந்த நீலத்த பார்க்கவே இல்ல"ன்னா. அந்த எட்டு வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்தா. அப்புறம் தலைய நிமிர்த்தி, "ஆனா நீங்க எப்படிங்க பனிய மறந்தீங்க? நீங்கதான வண்டி ஓட்டினீங்க, முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டு தெரியலன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க"ன்னு கேட்டா.

எனக்கு பதில் இல்ல. அவ சொன்னப்புறம்தான் ஸ்டியரிங்க பிடிச்சிருந்த கை வலிச்சது ஞாபகம் வந்துச்சு, வைப்பர போட்டும் கண்ணாடி தெளியாதது ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு என் வாழ்க்கையிலயே அதிகமா பயந்த அரை மணி நேரம் அது, அந்தப் பனிக்குள்ளதான் இருந்தேன், அதுக்கப்புறமும் பத்து மணி வரைக்கும் அதே வெள்ளைய ஜன்னல் வழியா அவகூட உக்காந்து பார்த்துக்கிட்டுதான் இருந்திருக்கேன். பதினோரு வருஷக் கதையில அதுக்கு ஒரு வரிகூட இல்ல. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நீலம்னு பொண்ணுகிட்ட சொல்லியிருக்கேன். தளம் கூட்டி வகுத்துச்சு, நான் வேண்டாததை வெட்டிட்டேன், ரெண்டுலயும் அந்தக் காலை காணாமப் போச்சு.

ஞாபகமும் ரெக்கார்டும் ஒண்ணா நிக்குற நாளும் உண்டு. 2001 செப்டம்பர் 11 பத்தி நியூயார்க்ல இருந்தவங்க யார் பேசினாலும் அந்த நீல வானத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அது நிஜம்தான், முந்தின நாள் இடி மழையோட ஒரு குளிர் முகப்பு, அதாவது குளிர்ந்த காத்தோட முன் விளிம்பு, கடந்து போயிருந்துச்சு, அதுக்குப் பின்னாடி வந்த காத்து காய்ஞ்சு, தூசி இல்லாம, சுத்தமா இருந்துச்சு, எரின் புயல் கடல்லயே தள்ளிப் போயிட்டு இருந்துச்சு. மனசுல நின்ன நீலமும் எழுதி வச்ச நீலமும் அங்க ஒத்துப்போகுது. அதப் படிச்சப்ப எனக்கு தோணுனது, பெரிய விஷயம் நடக்குற நேரத்துல மனசு வானத்த நல்லாத்தான் படம் பிடிக்குது, ஆனா அந்த நேரத்த மட்டும்தான். அந்த ஒரு படத்த நாள் முழுக்க இழுத்து ஒட்டினது என் வேலை.

மழைக் கணக்கு

இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு, 3.4 மில்லிமீட்டர் மழை. மெட்டார் இருபத்தி நாலு வரியில எங்கயும் மழை இல்ல. இதுக்கு விடை தேடி ரெண்டு ராத்திரி போச்சு, கடைசில பார்த்தா இது அளக்குற நேரத்தோட விஷயம். மழைமானிய ஆள் போய் பார்க்குறது பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவ, காலைல. அப்ப அதுல இருக்குற தண்ணி முந்தின இருபத்தி நாலு மணி நேரத்துது. அத எந்தத் தேதில எழுதறதுங்கிறது இடத்துக்கு இடம் மாறுது. பிரிட்டன்ல கிரீன்விச் நேரம் காலை 9 மணிக்கு அளந்து முந்தின நாள் கணக்குல எழுதுறாங்க, ஏன்னா அந்த இருபத்தி நாலு மணில பெரும்பகுதி முந்தின நாளோடது. இந்தியாவுல காலை 8.30க்கு அளந்து அளந்த தேதியிலயே எழுதுறாங்க. ரெண்டுக்கும் நியாயம் இருக்கு. எங்க பகுதியில முந்தின நாள்ல எழுதுற வழக்கம். மெட்டார அடுத்த நாளுக்கும் எடுத்துப் பார்த்தேன், விடியக்காலம் நாலு மணிக்கு மழை ஆரம்பிச்சு ஆறு மணிக்குள்ள நின்னிருக்கு. பொண்ணு பொறந்து பதினஞ்சு மணி நேரம் கழிச்சுப் பெஞ்ச மழை அவ பொறந்தநாள் பக்கத்துல ஏறியிருக்கு.

காலைல ஒரு தடவ மட்டும் போய் பார்க்குற வெப்பமானிலயும் இதே சிக்கல் உண்டு, அதிகபட்ச வெப்பநிலை முந்தின நாளோடதா இருக்கும், குறைந்தபட்சம் அன்னிக்கு விடியக்காலத்தோடதா இருக்கும். ஒரே தடவ எடுத்த ரெண்டு எண் ரெண்டு தேதிக்குப் பிரிஞ்சு போகும். அதனால பழைய ரெக்கார்டுல ஒரு நாள்னு இருக்குறது நாம நினைக்குற நடுராத்திரி டு நடுராத்திரி நாள் இல்ல, யாரோ ஒருத்தர் காலைல செருப்பு மாட்டிக்கிட்டு கருவிகிட்ட நடந்து போன நேரத்துல இருந்து அடுத்த நாள் நடந்து போற நேரம் வரைக்கும்.

கையால எழுதின வானம்

அந்த நடந்து போன ஆளுங்கள பத்தித்தான் அதுக்கப்புறம் என் மனசு சுத்த ஆரம்பிச்சுது. 1780ல ஜெர்மனில மான்ஹைம்ங்கிற ஊர்ல ஒரு வானிலைச் சங்கம் ஆரம்பிச்சாங்க, ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி கருவிகள அனுப்பி, எல்லாரும் காலை 7, மதியம் 2, ராத்திரி 9ன்னு மூணு வேளை பார்த்து எழுதணும்னு ஏற்பாடு பண்ணாங்க. என் நாள அந்த மூணு வேளைக்கு வச்சுப் பார்த்தேன். 7 மணிக்கு பனி, 2 மணிக்கு நீலம், 9 மணிக்கு மூட்டம். இருநூறு வருஷத்துக்கும் முன்னாடி போட்ட முறை, வெறும் மூணு சொல்லு, அந்த 52 சதவீதத்த விட எங்க நாளப் பத்தி எவ்ளோ நல்லா சொல்லுது. என் மனைவியோட காலை, என்னோட மதியம், அவளோட ராத்திரி, மூணும் அதுல அப்படியே இருக்கு.

பிராகாவுல கிளெமென்டினம்ங்கிற இடத்துல 1775ல இருந்து தினசரி வெப்பநிலை இருக்கு. மத்திய இங்கிலாந்துக்கு 1772ல இருந்து நாள் கணக்கு இருக்கு. ஆக்ஸ்ஃபோர்ட்ல ராட்கிளிஃப் வானாய்வுக்கூடத்துல 1813 நவம்பர்ல இருந்து ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்காங்க, ரெண்டு உலகப் போரும் நடுவுல வந்து போச்சு. ஆனா வானத்த எழுதறதுக்கு வார்த்தை வேணுமே. மேகத்துக்கு இன்னிக்கு நாம சொல்ற பேரெல்லாம் 1802 டிசம்பர்ல லண்டன்ல லூக் ஹோவர்ட்னு மருந்து தயாரிக்கிற ஒருத்தர் ஒரு சின்னக் கூட்டத்துல பேசினதுல இருந்து வந்தது. கீற்று, திரள், படை, கார்னு அவர் பிரிச்சது அப்படியே நின்னுடுச்சு. அதுக்கு முன்னாடி எழுதின ஆளுங்க மேகம்னு எழுதினா அது எந்த மேகம்னு நாம ஊகிக்கத்தான் வேணும்.

இதுல என்னை ரொம்ப இழுத்தது பிரான்சிஸ் பியூஃபோர்ட்ங்கிற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. காத்து வேகத்துக்கு அவர் போட்ட அளவுகோலத்தான் எல்லாரும் படிச்சிருப்போம், அதோட சேர்த்து வானத்துக்கும் ஒத்த ஒத்த எழுத்தா ஒரு முறை வச்சிருந்தார். நீல வானத்துக்கு பி, பிரிஞ்சு பிரிஞ்சு நிக்குற மேகத்துக்கு சி, முழு மூட்டத்துக்கு ஓ, பனிமூட்டத்துக்கு எஃப். யூன்னு ஒரு எழுத்து, அவலட்சணமா, பயமுறுத்துற மாதிரி வானம் இருந்தா அதப் போடணும். இப்ப எந்த ஆட்டோமேட்டிக் கருவி வானம் அவலட்சணமா இருக்குன்னு எழுதும்? அது ஒரு மனுஷன் டெக்ல நின்னு நிமிர்ந்து பார்த்து மனசுல பட்டத போடுற எழுத்து. பழைய பதிவேடுகள்ல குறிப்புன்னு கடைசில ஒரு பத்தி இருக்கும், சூரியனச் சுத்தி வட்டம், தூரத்துல மின்னல், முதல் உறைபனின்னு அதுலதான் எழுதுவாங்க. எண்கள்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு, அந்தப் பத்தி நிறைய இடத்துல பேப்பர்லயே நின்னுடுச்சு. அத விடக்கூடாதுன்னு நினைக்கிற ஆளுங்களும் இருக்காங்க. 2020ல எல்லாரும் வீட்டுல அடைஞ்சு கிடந்தப்ப பிரிட்டன்ல பழைய மழைப் பதிவேடுகள கம்ப்யூட்டர்ல ஏத்த ஆள் கேட்டாங்க, கிட்டத்தட்ட 16,000 பேர் வந்து 65,000 தாளுக்கு மேல பதினாறே நாள்ல தட்டி முடிச்சிட்டாங்க. அதப் படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

வெயிலுக்கு இன்னொரு அழகான கருவி இருக்கு, கேம்ப்பெல் ஸ்டோக்ஸ்னு சொல்வாங்க, ஒரு கண்ணாடி உருண்டை, பின்னாடி ஒரு அட்டை. சூரியன் தெரியுற வரைக்கும் உருண்டை வெயில குவிச்சு அட்டைய சுட்டுக்கிட்டே போகும், மேகம் வந்தா சூடு விட்டுப்போகும். கோடைக்கு நீளமா வளைஞ்ச அட்டை, குளிர்காலத்துக்கு குட்டையா வளைஞ்சது, வடக்குப் பாதி உலகத்துல செப்டம்பர் தொடக்கத்துல இருந்து அக்டோபர் நடு வரைக்கும் வளைவே இல்லாத நேர் அட்டை. எங்க நாளுக்கு அப்படி ஒரு அட்டை எங்கயாவது இருந்திருந்தா, காலைல வெறும் நீல அட்டை, பதினோரு மணிகிட்ட ஒரு சின்னக் கருகல் ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் ஒரே கோடா எரிஞ்சிருக்கும். அத பொண்ணு கையில குடுத்திருந்தா நான் ஒண்ணும் விளக்க வேண்டியதே இருந்திருக்காது.

போட்டோ

சரி, மதியத்துக்கு மேலயாவது நான் சொன்னது நிஜம்னு நிம்மதியா இருந்தேன். எட்டு வரி சாட்சி இருக்கு. ஒரு பொட்டு மேகம் இல்ல. பொண்ணுகிட்ட எல்லாத்தையும் காட்டி விளக்கினேன், அவளும் கவனமா கேட்டா. கேட்டுட்டு, "அன்னிக்கு எடுத்த போட்டோ இருக்காப்பா?"ன்னா. அதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்ல தேடினோம். மதியம் 3.40க்கு நான் எடுத்த படம், என் மடியில அவ, கண்ணு மூடி இருக்கா, பின்னாடி ஜன்னல். படம் வெளிச்சத்துல கொஞ்சம் வெளுத்திருந்துச்சு. அவ ஜன்னல மட்டும் பெருசாக்கினா, நான் அவ மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். "அப்பா, இங்க பாருங்க."

ஜன்னலோட மேல் மூலையில மெல்லிசா நாலஞ்சு வெள்ளைக் கீற்று. சீப்பு வச்சு இழுத்த மாதிரி, நுனி மட்டும் கொக்கி மாதிரி வளைஞ்சு. கீற்று மேகம், சந்தேகமே இல்ல. ஆறேழு கிலோமீட்டருக்கு மேல, முழுக்க பனிப்படிகத்தால ஆன மேகம்.

அப்போ மெட்டார் ஏன் ஒண்ணும் சொல்லல? அந்த எட்டு வரியையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் மேகம் இல்லன்னு எழுதி வச்ச இடத்துல எல்லாம் அதுல இருந்த வார்த்தை கேவோக். அதுக்கு அர்த்தம், பத்து கிலோமீட்டர் வரைக்கும் பார்வை நல்லா இருக்கு, 5,000 அடிக்குக் கீழ மேகம் இல்ல, இடி மேகம் இல்ல, மழை மாதிரி ஒண்ணும் இல்ல. விமானம் இறக்குறவருக்கு அது போதும். அதுக்கு மேல என்ன இருந்தாலும் அவருக்குத் தொந்தரவு இல்ல, அதனால எழுதல. தளம் அதத் தெளிந்த வானம்னு மொழிபெயர்த்துக்கிச்சு, நானும் தளத்த நம்பாம மூலத்துக்குப் போனேன்னு நினைச்சுக்கிட்டு அதே தப்பத்தான் பண்ணியிருக்கேன். அமெரிக்காவுல இருக்குற தானியங்கி நிலையங்கள்ல இது இன்னும் வெளிப்படையா இருக்கு, கருவி நேர் மேல ஒரு லேசர் விட்டுப் பார்க்கும், 12,000 அடி வரைக்கும் மேகம் தட்டுப்படலன்னா தெளிவுன்னு எழுதிடும். மேல கீற்று மேகம் வானம் முழுக்க விரிஞ்சு கிடந்தாலும் தெளிவுதான். எனக்காக எழுதின வரி இல்ல அது, கீழ இறங்கி வர்ற ஒருத்தருக்காக எழுதினது, அவருக்கு அது உண்மை.

அந்தக் கீற்றப் பார்த்தப்புறம் மழையும் வந்து ஒட்டிக்கிச்சு. வெப்ப முகப்பு, அதாவது சூடான காத்தோட முன் விளிம்பு, ஒண்ணு வரும்போது முதல்ல வந்து தலை காட்டுறது இந்த மேகம்தான், மழை வர்றதுக்குப் பன்னண்டு மணி, ஒரு நாள் முன்னாடியே. கீற்று வரும், அப்புறம் அது மெல்லிசா திரை மாதிரி படரும், சூரியனையோ நிலாவையோ சுத்தி வட்டம் கட்டும், அப்புறம் மேகம் கீழ கீழ இறங்கும், அப்புறம் மழை. அகல வட்டம் பகல் மழைன்னு பெரியவங்க சொன்னது இந்த வரிசையத்தான். 3.40க்கு கீற்று, எட்டு மணிக்கு கீழ் மேகம், நாலு மணிக்கு மழை. அந்த 3.4 மில்லிமீட்டர் அந்த நாள் பக்கத்துல இருக்குறது தப்புன்னு ரெண்டு ராத்திரி உக்காந்து கண்டுபிடிச்சேன்ல, அந்த மழையோட முதல் நூல் என் தலைக்கு மேல, என் படத்துக்குள்ளயே இருந்திருக்கு. நான் அவளத் தூக்கிட்டு ஜன்னல்கிட்ட நின்னப்ப அது அங்க இருந்துச்சு. என் கண்ணு அத எடுத்துக்கல.

இந்தப் பொறந்தநாளுக்கு அப்புறம் பொண்ணு ஒரு நோட்டு போட்டிருக்கா. கோடு போட்டு நாலு பத்தி, காலை 7, மதியம் 2, ராத்திரி 9, கடைசில குறிப்பு. பள்ளிக்கூடம் இருக்குற நாள்ல 2 மணி வானத்த வந்து ஞாபகத்துல இருந்து எழுதுறா, அதுக்குப் பக்கத்துல ஞா-ன்னு சின்னதா போடுறா, பார்த்து எழுதினதும் நினைச்சு எழுதினதும் கலந்துடக்கூடாதாம். நான் சொல்லிக் குடுக்கல, அவளா பண்ணது. முதல் பக்கத்துல அவ பொறந்த நாளையும் எழுதியிருக்கா. காலை 7: ஒன்பது, அம்மா பார்த்தாங்க, அப்பா மறந்துட்டாங்க. மதியம் 2: நீலம், அப்பா பார்த்தாங்க, அம்மா பார்க்கல. அதுல எண் போடுற இடத்த மட்டும் காலியா விட்டிருந்தா. பூஜ்யமா ஒண்ணான்னு என்கிட்ட கேட்டா. படம் 3.40க்குதான் எடுத்தது, 2 மணிக்கு அந்தக் கீற்று வந்திருந்துச்சான்னு எப்படி சொல்றதுன்னு நான் யோசிச்சேன். அவ காத்திருந்தா. கடைசில, நான் பார்த்தது பூஜ்யம், ஆனா நான் சரியா பார்க்கலன்னு சொன்னேன். ரெண்டையும் அப்படியே குறிப்புல எழுதிக்கிட்டா.